ஒரு முகத்துக்கு மட்டும் இடம்

மீன் கழுவிய தண்ணீர் வைஷாலியின் முகத்தில் வந்து அறைந்தது. இரண்டு செதில்கள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டன. கதவைத் திறந்தவர் காலியான சட்டியைக் கையில் பிடித்தபடி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“செத்துட்டன்னுல்லா நெனச்சேன்,” என்றார் சூசை மச்சாது. “மாலைகூடப் போட்டேனே.”

பதினோரு வருடம் கழித்தும் ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொண்டார். அதுவும் வலது கண்ணால் மட்டும். இடது கண் பார்வையில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணைக் கெடுத்தது வைஷாலிதான். அதனால் அவள் கைக்குட்டையை எடுத்து முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டாள்.

“உள்ள வரலாமா?”

“எதுக்கு? மிச்சம் இருக்கிறதையும் பிடுங்கிட்டுப் போகவா?”

“உங்க பெட்டியில இன்னும் எத்தனை மணி நேரத்துக்குச் சார்ஜ் இருக்கு?”

உள்ளேயிருந்து அவருடைய மகள் பிளோரா சொன்னாள்: “நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தாங்கும்னு காட்டுது.”

பிளோரா அடுப்படி வாசலில் நின்றாள். நாற்பது வயதிருக்கும். முந்தானையைத் தலையில் போட்டு நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தாள். வீட்டுக்குள் எதற்கு முக்காடு என்று வைஷாலிக்கு ஒரு கணம் தோன்றியது, மறுகணம் மறந்துவிட்டாள். கிழவர் நகர்ந்து வழிவிட்டார்.

சூசை மச்சாது தூத்துக்குடியில் ஓர் ஐஸ் ஆலையில் இயந்திரம் பார்த்தவர். அம்மோனியாக் குழாய் வெடித்ததில் இரண்டு கண்களும் போயின. எட்டு வருடம் இருட்டில் கிடந்தார். பிறகுதான் ‘ஒளிமுனை’ என்ற நிறுவனம் செயற்கைக் கண் செய்து, பரிசோதனைக்கு ஆள் தேடியது. முந்நூற்று நாற்பது பேருக்குப் பொருத்தினார்கள். இரண்டு கண்களிலும் நுண்ணிய தகடுகள், அவற்றை இயக்க வலது தோளெலும்புக்குக் கீழே தோலுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டி ஒரு கணினி. அன்றைக்கு அதைவிடச் சிறிய கணினி உலகத்தில் இல்லை என்று விளம்பரம் செய்தார்கள். அதற்குள் ஓடிய மென்பொருளில் பாதியை எழுதியவள் வைஷாலி. அப்போது அவளுக்கு இருபத்துநான்கு வயது.

அதெல்லாம் நடந்து இருபத்துநான்கு வருடம் ஆகிவிட்டது. பதின்மூன்றாவது வருடத்தில் நிறுவனம் ஒரு புதிய பதிப்பை அவசரமாக வெளியிட்டது. பெட்டியில் இடம் போதவில்லை. தகட்டின் சூட்டைக் கண்காணிக்கும் பகுதியை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவள் வைஷாலி. பத்தொன்பது பேருக்குக் கண் வெந்துபோயிற்று. சூசை மச்சாதுவுக்கு இடது கண். நிறுவனம் திவாலாகி மூடிக்கொண்டது. முதலாளிகள் எந்த நாட்டுக்குப் போனார்கள் என்றே தெரியவில்லை. வைஷாலி மட்டும் பாளையங்கோட்டையில் அதே வீட்டில் இருந்தாள். சூசை மச்சாது அவளுடைய புகைப்படத்தைப் பெரிதாக்கி, மாலை போட்டு, அவள் தெருமுனையில் ஒன்பது நாள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடம் போன அவளுடைய மகனிடம் பிள்ளைகள், “உங்கம்மா எப்பச் செத்தாங்க?” என்று கேட்டார்கள். பத்தாம் நாள் அவன் பள்ளிக்கூடமே போகமாட்டேன் என்றுவிட்டான்.

இந்த வீட்டு வாசலை மிதிக்க அவளுக்கும் விருப்பமில்லைதான். ஆனால் அந்தப் பழைய பெட்டியைத் தெரிந்தவர் வேறு யாரும் உயிரோடு இல்லை என்று கருவி உரிம அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். முந்நூற்று நாற்பது பேரில் சிலர் இறந்துபோனார்கள், மற்றவர்கள் புதுக்கண்ணுக்கு மாறிக்கொண்டார்கள். மாற முடியாமல் மிஞ்சியவர் இவர் ஒருவர்தான். எழுபத்துமூன்று வயதில் நரம்பு இன்னொரு அறுவையைத் தாங்காது.

வைஷாலி மடிக்கணினியை மேசைமேல் வைத்தாள். கிழவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றினார். தோலுக்கடியில் பெட்டியின் நாலு மூலையும் புடைத்துத் தெரிந்தன.

“நான் என்ன தப்பு செஞ்சேன்?” என்றார். “இருவத்துநாலு வருசமா ஓடுது. நல்லாத்தானே ஓடுது? எதுக்குப் புது சாப்ட்வேர்? எவன் கேட்டான்?”

“பாக்குற கருவி எல்லாத்துக்கும் ஒரே சட்டம். புது இயங்குதளம் இல்லைன்னா சார்ஜ் போடுற பலகையே கரண்ட் குடுக்காது. உங்களை மாதிரி பழைய கண்ணுக்கு ரெண்டு வருசம் விலக்கு குடுத்தாங்க. அது போன வாரம் முடிஞ்சுபோச்சு.”

“சட்டம்! எவனோ கண்ணாடியில கேமராவ வச்சுப் பொம்பளைப் பிள்ளையளப் படம் பிடிச்சு வித்தான். அவன் செஞ்சதுக்கு நான் குருடாவணுமா?”

“குருடாக வேண்டாம்னுதான் வந்திருக்கேன். ஒரு ஆள் தன் முகத்தை இன்னார் பாக்கக் கூடாதுன்னு பதிஞ்சு வச்சா, அவங்க கருவி அந்த முகத்தைக் காட்டக் கூடாது. முகம் இருக்கிற இடத்துல சாம்பல் மாதிரி ஒரு திட்டு தெரியும். அவ்வளவுதான். உங்க பழைய மென்பொருளுக்கு அது தெரியாது. புதுசுக்குத் தெரியும்.”

“நல்ல கண்ணு உள்ளவன் யாரை வேணும்னாலும் பாக்கலாம். நான் மட்டும் அவனவன்கிட்டச் சீட்டு வாங்கிட்டுப் பாக்கணும். அப்படித்தானே?”

சட்டம் வந்த அன்று அவளே இதைத்தான் யோசித்தாள். யோசித்துவிட்டு, அன்றைக்கே போய்த் தன் முகத்தைப் பதிந்தாள். யார் பார்க்கக் கூடாது என்ற கட்டத்தில் சூசை மச்சாது என்று ஒரே ஒரு பெயரை எழுதினாள்.

கிழவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீ எதுக்கு வந்திருக்கன்னு எனக்குத் தெரியும். ஒன் மூஞ்சிய மறைச்சுக்கிட வந்திருக்க. நாளைக்கு பஜார்ல என் முன்னால நீ நடந்து போனாலும் எனக்குத் தெரியக் கூடாது. அதானே?”

“சட்டையை நல்லா விலக்குங்க.”

“பாத்தியா பிளோரா, பதில் சொல்ல மாட்டேங்குதா.”

வைஷாலி வட்டமான காந்தப் பலகையைப் பெட்டிக்கு நேராக வைத்து ஒட்டினாள். “முக்கால் மணி நேரம் ஒண்ணும் தெரியாது. இருட்டா இருக்கும். அசையக் கூடாது.”

அவர் சட்டென்று அவளுடைய இடது மணிக்கட்டைப் பற்றினார். விரல்கள் இரும்புக் கொக்கியாக இறுகின.

“என்ன செய்றீங்க?”

“இருட்டுல விட்டுட்டு ஓடிறக் கூடாதுல்லா? போன தடவை கூப்பிட்டேன், கூப்பிட்டேன், ஒருத்தரும் போனை எடுக்கல. இந்தத் தடவை கை என்கிட்ட இருக்கட்டும். கண்ணு வந்தாத்தான் கை.”

அவள் கையை இழுத்துப் பார்த்தாள். விடவில்லை. வலது கையால் மட்டும் பொத்தானை அழுத்தினாள்.

சூசை மச்சாதுவின் வலது கண் நின்றது. பார்த்துக்கொண்டிருந்தது பார்க்காமலானதை எதிரே இருப்பவரால் கண்டுகொள்ள முடியும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஒரு மாதமாக அவள் அந்தப் புதிய இயங்குதளத்தை வீட்டில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். மொழிகளை எடுத்தாள், குரலை எடுத்தாள், வழிகாட்டும் வரைபடத்தை எடுத்தாள், வணக்கம் சொல்லும் பகுதியைக்கூட எடுத்தாள். யானையை மூட்டைப்பூச்சியின் சட்டைக்குள் நுழைக்கிற வேலை. உரிம அலுவலக மேலிடத்தில் இன்னொரு யோசனையும் சொன்னார்கள்: சூட்டைக் கண்காணிக்கும் பகுதியை எடுத்துவிட்டால் தாராளமாக இடம் கிடைக்குமே என்றார்கள். அவள் எழுந்து வந்துவிட்டாள். அதைத் தொடாமலே கடைசியில் எப்படியோ உள்ளே அடங்கிற்று. ஒரு முகத்தை எழுதிவைக்க மட்டும் இடம் மிஞ்சியது. அது போதும் என்று நினைத்தாள். இந்தப் பெட்டிக்கு இணையம் கிடையாது; இந்தக் கண்ணைப் பெயர் சொல்லி மறைப்புக் கேட்டவர்களின் முகங்களை மட்டும் உள்ளேயே பதித்துவிட வேண்டும் என்பது விதி. கேட்டவள் அவள் ஒருத்திதான்.

பத்து நிமிடம் போனது. திரையில் சிவப்பு எழுத்து வந்தது. பெட்டி புதிய மென்பொருளை ஏற்க மறுத்தது.

“என்ன? என்ன ஆச்சு? மூச்சு மாறுது ஒனக்கு,” என்றார் கிழவர்.

“உங்க பெட்டியில கடிகாரம் கெட்டுப்போச்சு. அது இருவத்துநாலு வருசத்துக்கு முந்தின தேதிக்கே திரும்பிப் போயிருது. மென்பொருள்ல இந்த வருசத்துக் கையெழுத்து இருக்கு. இன்னும் பிறக்காத தேதியில யாரு கையெழுத்துப் போட்டதுன்னு அது கேக்குது.”

“அப்ப அது சரியாத்தான் கேக்குது. ஒன்னையப் பத்தி அதுக்கும் தெரிஞ்சிருக்கு.”

ஒற்றைக் கையால் தேதியைத் தட்டச்சு செய்தாள். பெட்டி மறந்தது. மறுபடி செய்தாள். மூன்றாவது முறை, தேதி மறப்பதற்குள் அடுத்த பகுதியை அனுப்பிவிட்டாள். எழுத்துகள் பச்சையாக ஓடத் தொடங்கின. அவளுக்குள் அந்த இருபத்துநான்கு வயதுப் பெண்ணின் கர்வம் ஒரு நொடி தலைதூக்கியது.

கடைசிப் படி, அலுவலகத்திலிருந்து மறைப்புப் பட்டியலைக் கொண்டுவருவது. தன் கைப்பேசி வழியாக இழுத்தாள். இரண்டு பெயர்கள் வந்தன.

முதல் பெயர் அவளுடையது. இரண்டாவது ஐந்து நாட்களுக்கு முன்பு பதியப்பட்டிருந்தது. பிளோரா மச்சாது.

வைஷாலி தலையைத் தூக்கினாள். பிளோரா மேசைக்கு அந்தப் பக்கம், அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். முக்காட்டை எடுத்துவிட்டிருந்தாள். அகன்ற நெற்றியும் சற்றே தூக்கிய மேலுதடுமாக அழகான முகம். கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். அதில் முன்கூட்டியே தட்டச்சு செய்து வைத்திருந்தாள்.

‘என் பேரை எடுத்துறாதீங்க.’

வைஷாலி வலது கையால் கணினியில் எழுதித் திருப்பினாள். ‘ஒரு முகத்துக்குத்தான் இடம். ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. ஒருத்தரை விட்டாலும் சான்று கிடைக்காது. இவருக்குக் கண்ணு போயிரும்.’

‘இன்னொரு ஆளு யாரு?’

வைஷாலி தன்னைச் சுட்டினாள்.

“என்ன சத்தத்தையே காணோம்?” என்றார் கிழவர். அவருடைய பிடி இறுகியது. “ஏட்டி பிளோரா, நீ இங்கனயா நிக்க?”

“ஆமாப்பா. பாத்துக்கிட்டுத்தான் நிக்கேன்.”

“இவ கைய நல்லாப் பாத்துக்க. எதையாவது திருகிறாம.”

“பாக்கேன்பா.” குரல் சாதாரணமாக இருந்தது. விரல்கள் வேகமாக ஓடின. ‘நீங்க உங்க வீட்டுக்குப் போயிருவீங்க. நான் இங்கதான் இருக்கணும்.’

‘உங்க அப்பாதானே? உங்களை மட்டும்தானே அவர் பாக்குறார்?’

இதைப் படித்ததும் பிளோராவின் முகம் மாறியது. கோபமா, சிரிப்பா என்று தெரியவில்லை. எழுதிக்கொண்டே போனாள். ‘கண்ணு வந்த அன்னைக்கு நீங்களும் அந்த ரூம்ல இருந்தீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு. கட்டைப் பிரிச்சதும் முதல்ல என்னையத்தான் பாத்தாரு. என்ன சொன்னாரு தெரியுமா? ஒங்க அம்மைக்க மூஞ்சில்லா இதுன்னாரு. காறித் துப்புனாரு. அவருக்குக் கண்ணு போனதும் அம்மை போயிட்டாங்க. அதுக்கு நான் என்ன செய்ய? அன்னையிலேருந்து தினம் காலையில காப்பி கொண்டுபோனா அதே பார்வை. துப்புறத நிறுத்திட்டாரு, பார்வைய நிறுத்தல. எனக்கு மாப்பிள்ளை பாக்க வந்தவங்க முன்னாலயும் அதைத்தான் சொன்னாரு.’

வைஷாலிக்கு அந்த அறை நினைவிருந்தது. அவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ஒலி கேட்காத இடத்தில் நின்றிருந்தாள். கட்டு பிரிந்ததும் தந்தை வாயைத் திறந்து ஏதோ சொன்னார். பதினாறு வயதுப் பெண் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லாரும் கை தட்டினார்கள். புகைப்படக்காரர் படம் எடுத்தார். நிறுவனத்தின் எல்லா விளம்பரத்திலும் அந்தப் படம்தான் இருந்தது. வைஷாலியும் அதை வெகுநாள் தன் மேசையில் வைத்திருந்தாள்.

பிளோரா இன்னொரு தடவை காட்டினாள். ‘சமைச்சுப் போடுவேன். குளிப்பாட்டுவேன். கடைசிவரைக்கும் வச்சுப் பாப்பேன். மூஞ்சிய மட்டும் குடுக்க மாட்டேன்.’

வைஷாலி திரையைப் பார்த்தாள். பிளோராவின் பெயருக்கு நேரே ஒரு சிறு கட்டம் இருந்தது. ‘முகப்படம் தெளிவில்லை, நீக்கப்பட்டது’ என்று அதில் குறித்துவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. தன் முகம் மறைந்துவிடும். அவள் இனி எந்தப் பயமும் இல்லாமல் தூத்துக்குடிக்கு வரலாம். மாலை போட்ட படத்தோடு வந்து நிற்க இவருக்கு அடையாளமே தெரியாது. இரண்டு வருடமாக இந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்தாள்.

“இன்னும் எவ்வளவு நேரம்ட்டி?” கிழவரின் குரலில் முதல் தடவையாக நடுக்கம் இருந்தது. “ரொம்ப இருட்டா இருக்கு.”

வைஷாலி கைப்பேசியை எடுத்துத் தன் பதிவைத் திறந்து, நீக்கு என்பதை அழுத்தினாள். ‘சூசை மச்சாது உங்கள் முகத்தை இனிப் பார்க்கலாம். சம்மதமா?’ என்று கேட்டது. கட்டைவிரலை வைத்தாள்.

“ரெண்டு நிமிசம்,” என்றாள்.

வலது கண் விழித்துக்கொண்டது. கருவிழி அங்குமிங்கும் ஓடி, அவள்மேல் வந்து நின்றது. கிழவர் வெகுநேரம் அவளைப் பார்த்தார். எதிர்பார்த்தது நடக்காதவர்போலக் குழம்பினார்.

“தெரியுதே,” என்றார். “ஒன் மூஞ்சி தெரியுது.”

“ஆமா.”

அவர் மணிக்கட்டை விட்டார். தோலில் நாலு விரல் தடம் சிவந்திருந்தது. சுவரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மாதா படத்தைப் பார்த்தார். பிறகு திரும்பிப் பார்த்தார். பிளோரா நகராமல் நின்றாள். முந்தானை தோளில் இருந்தது.

“ஏட்டி?”

“சொல்லுங்கப்பா.”

“ஒன் மூஞ்சி எங்கட்டி?”

சூசை மச்சாது எழுந்து போய் மகளின் முகத்தைக் கையால் தடவினார். நெற்றி, மூக்கு, உதடு எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். அடுத்த கணம் மேசையைப் பிடித்துத் தள்ளினார். மடிக்கணினி தரையில் விழுந்து மூடி பிளந்தது.

“கெடுத்துட்டியேட்டி! சவத்து மூதி, மறுபடியும் கெடுத்துட்டியே! என் மவ மூஞ்சி போச்சே!”

பிளோரா வைஷாலியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, பயம் மட்டும் இருந்தது.

“பழைய பெட்டி,” என்றாள் வைஷாலி. “இவ்வளவுதான் முடியும். முகத்தைப் பிரிச்சறியிற இடத்துல என் தப்பு ஏதோ இருக்கு. சரிபண்ண முடியாது. மறுபடி எழுதினா கண்ணே போயிரும்.”

“ஒன்னைய விட மாட்டேன்.”

“புகார் குடுங்க.”

உடைந்த கணினியைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பிளோரா கேட்டுவரை வந்தாள். நன்றி சொல்வாள் என்று வைஷாலி எதிர்பார்த்தது உண்மை.

“இனி இங்க வராதீங்க,” என்றாள் பிளோரா. “உங்களப் பாத்தா அவருக்கு அதே நெனப்பா இருக்கும்.” கேட்டைச் சாத்தித் தாழ்போட்டாள்.

புகார் ஒரு வாரத்தில் வந்தது. இரண்டு மாதம் கழித்துத் திருநெல்வேலியில் உரிம அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் விசாரணை. அதிகாரி தன் மகன் வயதுதான் இருப்பான் என்று வைஷாலிக்குத் தோன்றியது. அவன் கோப்பைப் புரட்டினான்.

“மேடம், ஒரு முகம் மட்டும் தெரியலைங்கிறார். இது மறைப்புக் கோரிக்கையா இருக்க வாய்ப்பு இருக்கா? வேலை முடிஞ்சதும் அந்தப் பட்டியலுக்கு முத்திரை வச்சிருவோம். எங்களால பாக்க முடியாது. ஆனா நீங்க எழுதிக் கேட்டா நீதிபதி முன்னால திறந்து பாக்கலாம். உங்க மேல தப்பில்லைன்னா அதுலயே தெரிஞ்சுபோயிரும்.”

எதிர் நாற்காலியில் சூசை மச்சாது தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். இவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்தவர் அந்தக் கேள்வி வந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

“திறக்க வேண்டாம்,” என்றாள் வைஷாலி. “என் பிழைதான்.”

“இது உங்களுக்கு ரெண்டாவது தடவை. தெரியுமில்லையா?”

“தெரியும்.”

அவளுடைய உரிமத்தை நிரந்தரமாக ரத்து செய்தார்கள். இனி மனித உடம்புக்குள் இருக்கும் எந்தக் கருவியையும் அவள் தொடக் கூடாது. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, நடைபாதையில் ஜன்னலோரமாகச் சூசை மச்சாது தனியாக நின்றார். பிளோரா வண்டி பிடிக்கக் கீழே போயிருந்தாள்.

“இங்க வா,” என்றார்.

அவள் போகவில்லை. இருந்த இடத்திலேயே நின்றாள். அவரே சட்டைப் பைக்குள் கையை விட்டு, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார். கண்ணுக்கு வந்த சான்றிதழ். கணினியே அச்சடித்து, உரியவர் மட்டும் பிரிக்கும்படி ஒட்டி, அலுவலகத்திலிருந்து தபாலில் வந்தது. மடிப்புகள் நைந்திருந்தன, பலமுறை விரித்து மடித்த தாள். கீழேயிருந்து மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

‘மறைக்கப்பட்ட முகங்கள்: ஒன்று.’

வைஷாலி நிமிர்ந்து பார்த்தாள். “இது எப்ப வந்துச்சு?”

“நீ வந்துட்டுப் போன மூணாம் நாளு. அவ கடைக்குப் போயிருந்தா. நானே வாங்கினேன், நானே படிச்சேன்.” குரலைத் தாழ்த்தினார். “தெருவுல எல்லா மூஞ்சியும் தெரியுது. ஒன் சவ மூஞ்சிகூடத் தெரியுது. ஒரே ஒரு மூஞ்சிதான் இல்ல. எனக்கு அவ்வளவு கூறு கிடையாதுன்னு நெனச்சியா?”

“பிறகு எதுக்குப் புகார் குடுத்தீங்க? இந்தத் தாளை அங்க காட்டியிருக்கலாமே.”

“காட்டினா?” அவர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். “நான் கண்டுபிடிச்சுட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோவும். தெரிஞ்சா அந்த வீட்டுல இருப்பாளா? அவ அம்மை எப்படிப் போனா? ஒரு வார்த்தை சொல்லாமப் போனா. பெட்டி கெட்டுப் போச்சு, ஒரு கூறுகெட்டவ கெடுத்துட்டான்னு ஆபீசர் கையெழுத்துப் போட்டுத் தந்துட்டா அவ நிம்மதியா இருப்பா. எனக்கும் நேரத்துக்குச் சோறு வரும்.”

“சோறுக்காகவா?”

“வேற எதுக்குன்னு நெனச்ச?” அவர் முகம் கடுத்தது. தாளைப் பழையபடி நாலாக மடித்தார். “அவ இப்பத் தலையில துணி போடுறதில்ல. பாட்டுக்கூடப் பாடுதா. ஒரு நாளும் பாடினதில்ல அவ. நேத்து என் முன்னாலயே உக்காந்து சாப்பிட்டா. கை தெரியுது, தட்டு தெரியுது.” விரலால் அவளைச் சுட்டினார். “அதுக்காக நீ நல்லவன்னு சொல்ல வரல. இடது கண்ண எடுத்தது நீதான். அதுக்கு மன்னிப்பு கிடையாது. சாவுற வரைக்கும் கிடையாது.”

“நான் கேக்கல.”

“கேக்காத.”

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பிளோரா மேலே வந்தாள். சூசை மச்சாது தாளைப் பைக்குள் திணித்துக்கொண்டு, அதே மூச்சில் மாடியே அதிரக் கத்தினார்.

“ஒழிஞ்சா! லைசென்சப் பிடுங்கிட்டான்! என் மவ மூஞ்சியக் கெடுத்தவளுக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்!”

“போதும்பா, வாங்க. ஆட்டோ நிக்குது.” பிளோரா அவர் கையைப் பற்றினாள். படியிறங்கும்போது ஒருமுறை திரும்பி வைஷாலியைப் பார்த்தாள்.

வைஷாலி அவர்கள் போகட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கினாள். வெளியே வெயில் கொளுத்தியது. சாலைக்கு அந்தப் பக்கம் ஆட்டோ இன்னும் கிளம்பவில்லை. அவள் வாசலைத் தாண்டியதும் கிழவர் தலையை வெளியே நீட்டினார்.

“அந்தா போறா பாருங்க! நல்லாப் பாத்துக்கிடுங்க எல்லாரும்! கண்ணக் கெடுத்தவ அவதான்! பேரு வைஷாலி!”

தேநீர்க் கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். பேருந்துக்குக் காத்திருந்த இரண்டு பெண்கள் திரும்பினார்கள். ஒருவன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தான். வைஷாலியின் கை தானாகத் துப்பட்டாவுக்குப் போனது. பாதியில் நிறுத்தினாள். முகத்தை மூடாமல், எல்லார் கண்ணிலும் படும்படியாகவே நடந்து, பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றாள். ஆட்டோ அவளைத் தாண்டிப் போகும்வரை கிழவர் கத்திக்கொண்டேயிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிளோரா அவர் விழுந்துவிடாமல் தோளை அணைத்துப் பிடித்திருந்தாள்.